ப்ளோகினுக்கு எத்தனை மார்க்? 1975-ஆ, 1986-ஆ, சராசரியா?

பெஸ் 6 (ப்ரோ எவல்யூஷன் சாக்கர் 6) என்ற கால்பந்து வீடியோ கேமில், பழைய நட்சத்திரங்கள் ஆடும் கிளாசிக் அணிகள் ஏழு: இங்கிலாந்து, பிரான்ஸ், நெதர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி, அர்ஜென்டினா, பிரேசில். சோவியத் யூனியனுக்கு அதில் இடமில்லை. சோவியத் அணி வேண்டுமென்றால் அணிகள், ஆட்டக்காரர்களின் விவரங்கள் சேமிக்கப்படும் ஆப்ஷன் ஃபைலைத் திறந்து, எடிட் மோடில் ஆளாளாக உட்கார்ந்து செய்துகொள்ள வேண்டியதுதான். யாஷினில் அதிகத் தகராறு வராது. கோல்கீப்பருக்குக் கவனித்துப் போட வேண்டிய எண்கள் நாலைந்துதான். முன்கள ஆட்டக்காரர் ஒலெக் ப்ளோகினுக்கு வந்ததும் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். ஒருவர் டாப் ஸ்பீடு 99 என்பார், இன்னொருவர் 86 போதும் என்பார். இரண்டு பேரும் வீடியோ பார்த்துத்தான் சொல்கிறார்கள். பார்த்த ஆண்டுதான் வேறு.

ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது ஆண்டு. எண்கள் அதற்குப் பிறகுதான். கையில் நான்கு வழிகள் உண்டு. கோல் கணக்கை ஒரு சூத்திரத்தில் போட்டு எண் எடுப்பது ஒன்று. முழு ஆட்ட வாழ்க்கைக்கும் சராசரி போடுவது இரண்டாவது. 1975-ஐ மட்டும் எடுத்துக்கொள்வது மூன்றாவது. 1975-க்கு ஒருவர், 1986-க்கு ஒருவர் என இரண்டு ப்ளோகின்களைச் செய்வது நான்காவது. எங்கள் பரிந்துரை மூன்றாவது. இடமிருந்தால் நான்காவது. முதல் இரண்டும் ஏன் தேறாது என்பதில் கற்றுக்கொள்ள நிறைய இருப்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

கோலை எண்ணி மார்க் போடுவது

சோவியத் உயர்நிலை லீக்கில் 432 ஆட்டம், 211 கோல். தேசிய அணிக்கு 112 ஆட்டம், 42 கோல். நான்குமே சோவியத் சாதனைகள். வகுத்தால் லீக்கில் ஆட்டத்துக்கு 0.49, நாட்டுக்கு 0.375. லீக்கில் அதிகக் கோல் அடித்தவர் பட்டம் 1972, 1973, 1974, 1975, 1977 என ஐந்து முறை. 1974-இல் 20 கோல் அடித்தார். 1972-இல் 14 கோலுக்கே அந்தப் பட்டம் கிடைத்துவிட்டது.

அந்த 14-ஐ ஜெர்மனிப் பக்கம் கொண்டுபோய் வையுங்கள். 1971-72 சீசனில் கெர்ட் ம்யூல்லர் புண்டெஸ்லிகாவில் 40 கோல் அடித்திருக்கிறார். ‘சீசனுக்கு இத்தனை கோல் என்றால் அட்டாக் இத்தனை’ என்கிற சூத்திரம் எதுவானாலும் ம்யூல்லருக்கு 99 தந்துவிட்டு ப்ளோகினை எழுபதுகளில் தள்ளிவிடும். சோவியத் லீக்கில் கோல் விழுவதே குறைவு என்பதைச் சூத்திரம் அறியாது.

அதற்குக் காரணங்களும் உண்டு. ப்ளோகின் ஆடிய கிளப்பான டைனமோ கீவின் பயிற்சியாளர் வலேரி லோபனோவ்ஸ்கி வெளியூர் ஆட்டத்துக்கென்று தனி முறையே வைத்திருந்தார். சொந்த ஊரில் வெல்வது, வெளியூரில் ஆற்றலைச் செலவழிக்காமல் டிரா எடுத்து வருவது. 1977-இல் டைனமோ 30 ஆட்டத்தில் 15-ஐ டிரா செய்து பட்டம் வென்றது. இதைப் பொறுக்க முடியாமல் 1978-இல் லீக் நிர்வாகம் வரம்பு கட்டியது: எட்டு டிராவுக்கு மேல் போனால் பாயின்ட் கிடையாது. பாதி ஆட்டங்களில் அணியே கோலைத் தேடாதபோது முன்கள ஆட்டக்காரரின் கோல் எண்ணிக்கையை வைத்து அவருடைய திறமையை அளந்தால், அளவில் வருவது பயிற்சியாளரின் திட்டம்தான்.

சீசன்களும் ஒரே நீளத்தில் இல்லை. 1976-இல் வசந்த காலத்துக்கு ஒரு சாம்பியன்ஷிப், இலையுதிர் காலத்துக்கு ஒன்று என இரண்டு நடந்தன, ஒவ்வொன்றிலும் 15 ஆட்டம். ‘சீசன் சராசரி’ என்று எழுதும்போது இந்த ஆண்டை ஒன்றாகக் கொள்வதா, இரண்டாகக் கொள்வதா? 1973-இல் டிரா ஆன லீக் ஆட்டங்களைப் பெனால்டி வைத்துத் தீர்த்தார்கள். அந்தப் பெனால்டிகள் கோல் கணக்கில் வராது. இப்படி ஒவ்வொரு ஓட்டையையும் அடைக்கத் தொடங்கினால் சூத்திரத்தைவிட விதிவிலக்குகள் நீண்டுவிடும்.

கோல் கணக்கு ஒரேயோர் இடத்தில் உதவும்: ஒரே லீக், ஒரே ஆண்டு, இரண்டு ஆட்டக்காரர்களை ஒப்பிடும்போது. 1975-இல் ப்ளோகின் 18 கோல் என்றால், அதே ஆண்டின் மற்ற சோவியத் முன்களத்தாரை அவருக்குக் கீழே வரிசைப்படுத்தலாம். வரிசை கிடைக்கும், எண் கிடைக்காது.

சராசரி என்ற மாயை

நியாயமானது போலத் தெரிவதால் இதில் விழுபவர்கள்தான் அதிகம். இருபது வயது ப்ளோகினுக்கு வேகம் 97, முப்பத்துமூன்று வயது ப்ளோகினுக்கு 85, ஆக 91. பாஸிங்கும் அப்படியே: இளமையில் 76, முதுமையில் 83, நடுவில் 80. முடிவில் கிடைப்பவர் ஓரளவு வேகமாக ஓடி, ஓரளவு நன்றாகப் பந்தைக் கொடுக்கும் ஒரு முன்களத்தார். அப்படி ஒருவர் கீவில் எந்த ஆண்டிலும் ஆடியதில்லை.

ஆட்டத்துக்குள் இதன் விளைவு இன்னும் மோசம். பெஸ் 6-இல் எண்களுக்கு நிறம் உண்டு: 80 முதல் மஞ்சள், 90 முதல் ஆரஞ்சு, 95 முதல் சிவப்பு. சராசரி ப்ளோகினின் பக்கத்தைத் திறந்தால் முழுக்க மஞ்சளும் ஆரஞ்சும்தான். டாப் ஸ்பீடு 91 வைத்திருப்பவர்கள் அந்த ஆட்டத்தில் ஏராளம். பந்து அவர் காலுக்கு வரும்போது தடுப்பாட்டக்காரரை ஓட்டும் உங்கள் நண்பர் பதறவே மாட்டார். பதற வேண்டும். 1975-இல் மியூனிக்கில் பதறினார்கள்.

உலகக் கோப்பை வீடியோ ஏன் ஏமாற்றும்

ப்ளோகினைத் தேடினால் எளிதில் கிடைப்பவை 1982, 1986 உலகக் கோப்பைக் காட்சிகள். 1982-இல் நியூசிலாந்துக்கு எதிராக ஒரு கோல், 1986-இல் கனடாவுக்கு எதிராக ஒரு கோல். அவர் பிறந்தது 5 நவம்பர் 1952. முதல் கோப்பையின்போது வயது 29, இரண்டாவதில் 33. உச்சத்தில் இருந்த ப்ளோகின் உலகக் கோப்பையில் ஆடவே இல்லை. 1974-க்கான தகுதிச் சுற்றில், 1973 நவம்பரில் சாண்டியாகோ மைதானத்தில் சிலியோடு ஆட சோவியத் யூனியன் மறுத்து வெளியேறியது. ராணுவப் புரட்சிக்குப் பிறகு அந்த மைதானம் சிறைக்கூடமாகப் பயன்பட்டிருந்தது. 1978-க்குச் சோவியத் அணி தகுதியே பெறவில்லை.

‘86 போதும்’ என்பவர் எண்ணில் தவறவில்லை, ஆண்டில் தவறுகிறார். உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் கிளப் போட்டிகளுக்குப் போக வேண்டும். 14 மே 1975, பாசல் நகரில் கோப்பை வென்றோர் கோப்பை இறுதியாட்டம்: டைனமோ கீவ் 3, ஃபெரென்ஸ்வாரோஷ் 0. விளாதிமிர் ஒனிஷ்சென்கோ இரண்டு, ப்ளோகின் மூன்றாவது. பிறகு சூப்பர் கோப்பை: செப்டம்பரில் மியூனிக்கில் பயர்னை 1-0, அக்டோபரில் கீவில் 2-0. மூன்று கோலும் ப்ளோகினுடையவை. அந்த ஆண்டு, ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் பலோன் தோர் வாக்கில் அவருக்கு 122 புள்ளி, இரண்டாவது வந்த பெக்கன்பவருக்கு 42, மூன்றாவது வந்த க்ரைஃபுக்கு 27. ஒரு ஆட்டக்காரரின் ஓராண்டு உச்சத்துக்கு இதற்கு மேல் சாட்சி தேட வேண்டாம்.

மியூனிக் கோலை மட்டும் பத்து முறை பார்க்கலாம். இடப் பக்கத்தில் பந்தை எடுத்தவருக்குத் துணைக்கு ஆளில்லை. எதிரே பயர்ன் தடுப்பாட்டக்காரர்கள் கூட்டமாக நிற்கிறார்கள். அவர் நேரே மோதவில்லை. வேகத்தைக் குறைக்கிறார், எதிராளியின் கால் நிலைகொள்ளும் வரை காத்திருக்கிறார், பிறகு திடீரென்று ஓட்டம். ஷ்வார்ட்சன்பெக்கைக் கடந்ததும் உதைத்துவிடுகிறார். கோல்கீப்பர் ஜெப் மையரால் தடுக்க முடியவில்லை. இந்த ஒரு காட்சியிலிருந்தே நான்கு எண்களுக்குச் சாட்சி கிடைக்கும்: டிரிபிள் ஸ்பீடு (பந்தோடு ஓடும் வேகம்), ஆக்ஸிலரேஷன், ஷாட் டெக்னிக், டெக்னிக்.

வேகத்தை அளப்பது எப்படி

‘வேகமானவர்’ என்பது எண் ஆகாது. மைதானக் கோடுகளே அளவுகோல். 105 மீ. நீள மைதானத்தில் நடுக்கோட்டிலிருந்து கோல்கோட்டுக்கு 52.5 மீ. பெனால்டி பெட்டியின் ஆழம் 16.5 மீ. ஆக நடுக்கோட்டிலிருந்து பெட்டி விளிம்பு வரை 36 மீ. வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, கால் நடுக்கோட்டைத் தாண்டும் ஃபிரேமிலிருந்து பெட்டிக்கோட்டைத் தொடும் ஃபிரேம் வரை எண்ணுங்கள்.

உதாரணத்துக்கு 110 ஃபிரேம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கு நொடிக்கு 25 ஃபிரேம். 110-ஐ 25-ஆல் வகுத்தால் 4.4 நொடி. 36-ஐ 4.4-ஆல் வகுத்தால் நொடிக்கு 8.18 மீ., அதாவது மணிக்கு ஏறத்தாழ 29.5 கி.மீ.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அந்தக் காட்சி தொலைக்காட்சி கேமராவில் பதிவானதா, பிலிமில் எடுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த பிலிமை 25-இல் ஓட்டினால் எல்லாரும் 4 சதவீதம் வேகமாக ஓடுவார்கள். மேலே உள்ள கணக்கே மணிக்கு 28.3 கி.மீ. ஆகிவிடும். பெஸ் அளவில் அது மூன்று நான்கு மார்க் வித்தியாசம். சந்தேகமிருந்தால் உயரே உதைக்கப்பட்ட ஒரு பந்து உச்சியிலிருந்து தரைக்கு வரும் நேரத்தைப் பாருங்கள். அல்லது வர்ணனையாளரின் குரல் கீச்சென்று ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். குரல் பின்னால் சேர்க்கப்பட்டிருந்தால் அந்தச் சோதனை உதவாது.

இன்னொன்று: இணையத்தில் ஏற்றியவர் 30 ஃபிரேமுக்கு மாற்றியிருந்தால் ஐந்து ஃபிரேமுக்கு ஒன்று இரட்டித்திருக்கும். இரட்டித்ததை எண்ணாதீர்கள். அளக்கும் தூரமும் நீளமாக இருக்கட்டும். 5.5 மீ. கோல் பெட்டியை வைத்து அளந்தால் நொடிக்கு 8 மீ. ஓடுபவருக்கு மொத்தமே 17 ஃபிரேம்தான் வரும். ஒரு ஃபிரேம் பிசகினாலே 6 சதவீதம் போய்விடும். கோணலாக ஓடினால் 36 மீ. என்பது குறைந்தபட்ச தூரம், உண்மையில் ஓடியது அதிகம்.

பந்தோடு ஒரு முறை, பந்தில்லாமல் ஒரு முறை என இரண்டையும் தனித்தனியே எண்ண வேண்டும். டாப் ஸ்பீடும் டிரிபிள் ஸ்பீடும் வெவ்வேறு எண்கள். வேகமான ஓட்டக்காரர்கள் பலருக்குப் பந்து காலில் இருந்தால் ஐந்தாறு மார்க் விழும். ப்ளோகினுக்கு அந்த இடைவெளி மிகச் சிறியது. அவருடைய தனித்தன்மை அதுதான். எல்லா வேக எண்களிலும் 99 போடுபவர்கள் இதைத் தொலைத்துவிடுகிறார்கள்.

ஓட்டம் அவருக்கு வீட்டுச் சொத்து. தாய் கேத்தெரினா அதமென்கோ சோவியத் பட்டங்கள் வென்ற ஓட்டப்பந்தய வீராங்கனை. தந்தையும் தடகளத்துக்காரர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 100, 200 மீ. இரண்டிலும் தங்கம் வென்ற வலேரி போர்சோவின் பயிற்சியாளர் வாலென்டின் பெட்ரோவ்ஸ்கி ப்ளோகினின் ஓட்டத்தையும் செதுக்கிக் கொடுத்தார். தடகளக்காரரின் நீண்ட எட்டு அது. அதனால் டாப் ஸ்பீடைவிட ஆக்ஸிலரேஷனை நாலு மார்க் குறைத்து வைப்பதே பொருத்தம். நின்ற இடத்திலிருந்து வெடித்துக் கிளம்புவதில் பின்னாளில் வந்த இகோர் பெலானோவ் அவரைவிடக் கூர்மை.

பாஸும் டீம்வொர்க்கும்: ஒரு மார்ச் மாத ஆட்டம்

எல்லாவற்றுக்கும் தாராளமாக அள்ளிக் கொடுப்பவர்களைத் தடுத்து நிறுத்த ஒரே காட்சி போதும். 1976 மார்ச், ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதி, சேன்ட் எட்டியென் மைதானம். முதல் ஆட்டம் சிம்ஃபெரோபோலில் 2-0 என டைனமோ வென்றிருந்தது. அதில் ஒரு கோல் ப்ளோகினுடையது. இரண்டாவது ஆட்டத்தில் ப்ளோகின் தனியாகப் பந்தோடு உள்ளே போகிறார். பக்கத்தில் ஒனிஷ்சென்கோ ஆளில்லாமல் நிற்கிறார். கொடுத்தால் அநேகமாகக் கோல், ஆட்டமும் அங்கேயே முடிந்தது. ப்ளோகின் கொடுக்கவில்லை. ஏற்கனவே கடந்துவந்த கிறிஸ்டியன் லோபெஸ் திரும்பி வந்து பந்தைப் பறித்துவிட்டார். அதே பந்து மறுமுனைக்குப் போய் எர்வே ரெவெல்லியின் கோலாக முடிந்தது. கூடுதல் நேரத்தில் டைனமோ 3-0 எனத் தோற்று வெளியேறியது.

ஒரு காட்சியை வைத்து ஒருவரை எடைபோடக் கூடாதுதான். ஆனால் இளம் ப்ளோகினின் ஆட்டத்தில் தானே முடிக்கப் பார்க்கும் போக்கு திரும்பத் திரும்பத் தென்படுவது. ஆகவே 1975-க்கு டீம்வொர்க் 70, ஷார்ட் பாஸ் அக்யூரசி 76. பெஸ் 6-இல் டீம்வொர்க் குறைந்தால் கம்ப்யூட்டர் ஓட்டும்போது அவர் சக ஆட்டக்காரருக்கு ஏற்ப ஓடுவது குறையும். அது சரியான விளைவே. கன்சிஸ்டென்சி எட்டுக்கு 6. ஏழு எட்டு கொடுத்தால் ஆட்டக்காரரின் அன்றைய நிலையைக் காட்டும் அம்புக்குறி ஆட்டத்துக்கு ஆட்டம் அசையாமல் நிற்கும், 1976-இல் மொத்த அணியும் பயிற்சிச் சுமையில் துவண்டுபோனதை நினைத்தால் அது பொய்.

இன்ஜுரி, அதாவது காயம் தாங்கும் தன்மை, மட்டும் தயங்காமல் ‘ஏ’. அந்தக் காலத் தடுப்பாட்டக்காரர்கள் பின்னாலிருந்து காலை வாரினாலும் அட்டை வருவது அபூர்வம். அப்படியும் 432 லீக் ஆட்டம்.

1986-ஐ என்ன செய்வது

2 மே 1986, லியோன். மீண்டும் கோப்பை வென்றோர் கோப்பை, டைனமோ கீவ் 3, அத்லெடிகோ மாட்ரிட் 0. கோல் அடித்தவர்கள் ஜாவரோவ், ப்ளோகின், யெவ்துஷென்கோ. ப்ளோகினின் கோல் 85-ஆவது நிமிடம். வாசிலி ராத்ஸ் இடப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் பெலானோவுக்கு, பெலானோவ் வலப் பக்கம் யெவ்துஷென்கோவுக்கு, அங்கிருந்து இன்னும் வலப் பக்கம் ஓடிவந்த ப்ளோகினுக்கு. விசிறி விரிவதுபோலப் பந்து நகர்கிறது. கடைசியில் வெளியே வந்த கோல்கீப்பர் ஃபில்யோலின் மேலாகத் தூக்கிவிடுகிறார்.

இந்தக் கோலில் ப்ளோகினின் வேகம் அவ்வளவாக வேலை செய்யவில்லை. எப்போது ஓடத் தொடங்க வேண்டும் என்ற அறிவுதான் வேலை செய்தது. ஆகவே 1986 பதிப்பில் வேகம் இறங்கி, ரெஸ்பான்ஸ், டீம்வொர்க், ஷாட் டெக்னிக், மென்டாலிட்டி ஏற வேண்டும். பலர் 1975 எண்களை அப்படியே நகலெடுத்து ஸ்டாமினாவை மட்டும் குறைக்கிறார்கள். அதனால் கெடுவது பெலானோவின் இடம். 1986 பலோன் தோர் அவருக்குத்தான் போயிற்று, 84 புள்ளி, இரண்டாவது வந்த லினெக்கருக்கு 62. அந்த அணியின் அதிவேக ஆள் பெலானோவ். பக்கத்தில் 97 வேகத்தோடு முப்பத்துமூன்று வயது ப்ளோகின் நின்றால் பந்தை யாருக்கு அனுப்புவது என்ற அணியின் முழுக் கணக்கும் தலைகீழாகிவிடும்.

இரண்டு பேரையும் வைப்பதென்றால் ஒரே அணியில் வைக்காதீர்கள். தேசிய அணிக்கு 23 இடம்தான், அதில் இரண்டு ப்ளோகின் வீண். 1975-காரரைச் சோவியத் தேசிய அணியிலும் 1986-காரரை 32 இடமுள்ள ஒரு கிளப் அணியில் டைனமோ கீவாகவும் பிரித்து வைக்கலாம். ஒரே ஆட்டக்காரருக்கு வெவ்வேறு பருவத்துக்கு வெவ்வேறு அட்டை என்பது புதிதும் அல்ல. ஃபிஃபா 18 யாஷின் உள்ளிட்ட ஐகான்களுக்கு மூன்று பதிப்புகள் தந்தது.

எந்த இடத்தில் பதிவு செய்வது

விங் ஃபார்வர்டு, செகண்ட் ஸ்ட்ரைக்கர், சென்டர் ஃபார்வர்டு என மூன்று தேர்வுகள். சட்டை எண் 11, இடது கால், இடப் பக்கம் என்பதால் கை தானாக விங் ஃபார்வர்டுக்குப் போகும். அங்கே வைத்தால் கம்ப்யூட்டர் அவரை எல்லைக்கோட்டோடு ஒட்டி நிறுத்தி கிராஸ் போட வைக்கும். 1975 டைனமோவில் முன்னால் இருந்தது இரண்டே பேர்: இடப் பக்கம் சாய்ந்து ப்ளோகின், வலப் பக்கம் சாய்ந்து ஒனிஷ்சென்கோ. நடுவில் நிரந்தரமாக நிற்கும் ஆள் கிடையாது. முந்த்யான், வெரெமேயெவ், புர்யாக், கோலோதோவ் பின்னாலிருந்து பந்தை வெற்றிடத்துக்கு அனுப்ப, இரண்டு பேரும் வெளியிலிருந்து உள்ளே பாய்வார்கள்.

ஆகவே பதிவு செகண்ட் ஸ்ட்ரைக்கர், கூடவே சென்டர் ஃபார்வர்டும் விங் ஃபார்வர்டும் டிக் செய்யவும். பக்கம் இடது. 4-4-2-இல் இடது முன்களத்தாராக வைத்து, ஃபார்மேஷன் திரையில் அவரை நடுவிலிருந்து வெளியே கொஞ்சம் தள்ளி, அவர் ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறியை உள்நோக்கிச் சாய்வாக முன்னால் போடுங்கள். தனித்திறன்களுக்குத் தரும் நட்சத்திரங்களில் போஸ்ட் பிளேயர் வேண்டவே வேண்டாம். அது வந்தால் கோலுக்கு முதுகைக் காட்டிப் பந்துக்காக நிற்பார்.

எண்கள், 1975

உயரம் 180 செ.மீ. இடது கால். அட்டாக் 92, டிஃபென்ஸ் 36, பேலன்ஸ் 82, ஸ்டாமினா 83. டாப் ஸ்பீடு 97, ஆக்ஸிலரேஷன் 93, ரெஸ்பான்ஸ் 87, அஜிலிட்டி 88. டிரிபிள் அக்யூரசி 90, டிரிபிள் ஸ்பீடு 96. ஷார்ட் பாஸ் அக்யூரசி 76, வேகம் 77. லாங் பாஸ் அக்யூரசி 75, வேகம் 78. ஷாட் அக்யூரசி 87, பவர் 86, டெக்னிக் 90. ஃப்ரீ கிக் 76, கர்ல் 80. ஹெட்டிங் 78, ஜம்ப் 80. டெக்னிக் 90, அக்ரஷன் 89, மென்டாலிட்டி 80, டீம்வொர்க் 70. கன்சிஸ்டென்சி 6, கண்டிஷன் 7. மறு கால் துல்லியம் 5, அடிக்கடித் தன்மை 4. நட்சத்திரங்கள்: டிரிபிளிங், பொசிஷனிங், ஸ்கோரிங், 1-1 ஸ்கோரிங், லைன்ஸ்.

சிவப்பு எண்கள் இரண்டே இரண்டு, இரண்டும் வேகம் சார்ந்தவை. மூன்றாவது சிவப்பு கேட்டு யார் வந்தாலும் எதைக் குறைக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். அக்ரஷன் 89-ஐப் பார்த்து ‘அவ்வளவு முரடரா?’ என்று கேட்பார்கள். பெஸ்ஸில் அக்ரஷன் என்பது ஃபவுல் செய்யும் குணமல்ல, முன்னேறிப் பாயும் நாட்டம். பெயரைப் பார்த்து 60 போட்டுவிட்டால் முன்களத்தார் நடுக்களத்திலேயே நின்றுவிடுவார். எண் போடுவோர் செய்யும் பிழைகளில் இதுவே அதிகம்.

1986-க்கு மாறுபவை மட்டும்

அட்டாக் 88, ஸ்டாமினா 72, டாப் ஸ்பீடு 86, ஆக்ஸிலரேஷன் 85, டிரிபிள் ஸ்பீடு 84, அஜிலிட்டி 82. ரெஸ்பான்ஸ் 90, ஷார்ட் பாஸ் அக்யூரசி 82, ஷாட் டெக்னிக் 92, மென்டாலிட்டி 86, டீம்வொர்க் 82, அக்ரஷன் 82. டிரிபிளிங் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு 1-டச் பாஸ் கொடுக்கவும். மற்றவை அப்படியே இருக்கட்டும்.

சோதித்துப் பார்ப்பது

சேமித்ததும் நண்பரோடு ஆட உட்கார்ந்துவிடாதீர்கள். கம்ப்யூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் பத்து நிமிட ஆட்டமாக, ஆறு நட்சத்திரக் கடினத்தில், வலுவான ஒரே எதிரணியோடு பத்து ஆட்டம் ஓட விடுங்கள். எதிரணியை நடுவில் மாற்றக் கூடாது. எல்லா ஆட்டத்திலும் அம்புக்குறி ஒன்றாக இருக்கும்படி அமைப்பில் மாற்றிக்கொள்ளவும், இல்லாவிட்டால் எண்களுக்குப் பதில் அதிர்ஷ்டத்தை அளப்பீர்கள்.

பத்து ஆட்டத்தில் ஐந்திலிருந்து ஏழு கோல் வந்தால் நன்று. பன்னிரண்டு பதினைந்து வந்தால் அட்டாக் எண்ணை முதலில் குறையுங்கள், வேகத்தில் கை வைக்காதீர்கள். அட்டாக் உயர்ந்திருந்தால் ஆள் எப்போதும் வெற்றிடத்தில் நிற்பார், கோல் குவியக் காரணம் பெரும்பாலும் அதுவே. இரண்டு மூன்று கோல்தான் என்றால் எண்களைத் தொடாமல் முதலில் ஃபார்மேஷனைப் பாருங்கள். பின்னால் லாங் பாஸ் 80-க்கு மேல் வைத்திருப்பவர் இல்லாவிட்டால் ப்ளோகினுக்கு ஓடுவதற்குப் பந்தே வராது. முந்த்யானையும் வெரெமேயெவையும் சோம்பலில் 74, 75 என்று போட்டுவிட்டு, ப்ளோகின் சரியாக வரவில்லை என்று அவரை ஏற்றிக்கொண்டே போவது வழக்கமான பிழை.

ஓட்டச் சோதனைக்குப் பயிற்சி மோட் போதும். நடுக்கோட்டில் ப்ளோகினையும் டாப் ஸ்பீடு 90 உள்ள ஒரு தடுப்பாட்டக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பந்தோடு பெட்டி வரை ஓட்டிப் பாருங்கள். பந்து காலில் இருந்தும் அவர் ஒரு உடல் அகலமாவது முன்னால் இருக்க வேண்டும். 1986-காரர் அதே ஓட்டத்தில் பின்தங்க வேண்டும். இல்லையென்றால் டிரிபிள் ஸ்பீடு இன்னும் இறங்கவில்லை.

பெஸ் 2021-க்கு இதே ஆளை எடுத்துப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். அங்கே எண்கள் 40-இலிருந்துதான் தொடங்கும், டிஃபென்ஸ் 36 உள்ளே போகாது, 40-இல் நிறுத்துங்கள். மொத்த மார்க்கை ஆட்டமே பதிவு இடத்தை வைத்துக் கணக்கிடுகிறது. செகண்ட் ஸ்ட்ரைக்கரில் ஒரு எண், சென்டர் ஃபார்வர்டில் வேறு எண் காட்டும். பெரிய எண் எங்கே காட்டுகிறதோ அங்கே பதிவு செய்யும் ஆசையை அடக்குங்கள். பிளேயிங் ஸ்டைலில் கோல் போச்சர் வைத்தால் கடைசித் தடுப்பாட்டக்காரரின் தோளை ஒட்டி நின்று பாய்வார், ப்ராலிஃபிக் விங்கர் வைத்தால் மறுபடி எல்லைக்கோட்டுக்கே போய்விடுவார். முதலாவதை வையுங்கள். கம்ப்யூட்டர் ஸ்டைலில் ஸ்பீடிங் புல்லட், இன்சைசிவ் ரன் இரண்டையும் டிக் செய்து, ஏர்லி கிராஸை விட்டுவிடுங்கள்.